யஸ்னா பெயர் வைக்காத பயறு

எர்மெலிண்டாவின் கைராசியைப் பற்றி எங்கள் மலையடிவாரத்தில் யாரும் எதிர்ப்பேச்சு பேசுவதில்லை. வேலிக்கு ஊன்றிய காய்ந்த குச்சிகூட அவள் தொட்டதால் துளிர்விட்டது என்பார்கள். அது ஆற்றோரத்து மரத்தின் குச்சி, யார் ஊன்றியிருந்தாலும் துளிர்த்திருக்கும். அதைச் சொல்லி யார் கெட்ட பெயர் வாங்குவது? பூண்டு, பூசணி, மிளகாய், கொத்தமல்லி, நாலு வகைப் பயறு என்று வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்தத் துண்டு நிலத்தில் அவள் எதைப் போட்டாலும் வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. மூன்று வசந்தமாக வரவில்லை.

அந்த ஒன்று, இறந்துபோன மகள் யஸ்னாவின் பயறு.

பூமியின் தெற்குக் கோடியில் இருக்கிற எங்களுக்கு அக்டோபர்தான் வசந்தம், உறைபனி போய்ப் பயறு போடுகிற மாதம். அந்த அக்டோபரிலும் எர்மெலிண்டா தகர டப்பாவைத் திறந்து, பன்னிரண்டு பயறு எடுத்து, சமையலறைச் சுவரை ஒட்டி வெயில் விழும் பாத்தியில் ஊன்றினாள். பன்னிரண்டு நாளாயிற்று. பக்கத்துப் பாத்தியில் அதே நாளில் போட்டதெல்லாம் இரண்டு இலை விட்டு நிமிர்ந்து நின்றன. இந்தப் பாத்தி மட்டும் சவரம் செய்த கன்னம் மாதிரி வழுவழுவென்று கிடந்தது. அவள் காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை அதன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

அவள் கணவர் பெலார்மினோ, விறகு பிளக்கிறேன் பேர்வழி என்று கோடாலியைப் பிடித்துக்கொண்டு, அவள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே கட்டையைக் கால் மணி நேரமாகப் பிளந்துகொண்டிருந்தார். அந்தப் பயறு முளைக்காது என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மூன்று வருஷமாகத் தெரியும். மூன்று வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

யஸ்னா எப்படி அந்தப் பயறைக் கண்டுபிடித்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். செர்ரி பறிக்கிற காலத்தில் பழக் கிடங்கில் வேலை, மிச்ச நாளெல்லாம் அம்மாவின் தோட்டத்தில் வேலை என்று இருந்தவள். ஒரு கோடையில் பயறு உரிக்கும்போது, எல்லாம் வெள்ளையாக இருந்த குவியலில் காம்பு ஒட்டுகிற கண்ணோரம் ஒயின் சிவப்பாகக் கறை படிந்த ஒன்பது பயறு கிடந்தது. வண்டு செய்த வேலை. இரண்டு கொடிகளுக்கு நடுவில் போய்வந்து கலப்புக் கல்யாணம் செய்து வைத்துவிட்டது. வேறு யாராவது என்றால் பானையில் போட்டிருப்பார்கள். யஸ்னா தனியாக எடுத்து வைத்தாள். அடுத்த வருஷம் போட்டாள், கண்டபடி வந்தது. பொறுக்கினாள், மறுபடியும் போட்டாள். இப்படி நாலு கோடை. கடைசிக் கோடையில் வந்த அத்தனையும் ஒரே மாதிரி, அச்சில் வார்த்தது போல வந்தது.

நாலு வருஷத்தில் ஒரு பயறைக்கூட அவள் சமைக்க விடவில்லை. "எல்லாம் விதைக்கு," என்பாள். பெலார்மினோ கிண்டல் செய்வார்: "எப்படித்தான் ருசிக்கும்னு தெரியாமலே வளர்க்கறியே மகளே, நாளைக்குச் சோப்பு மாதிரி இருந்தா?" "இன்னும் ஒரே ஒரு வருஷம்ப்பா. நெறைய வந்ததும் பெரிய பானை நெறைய ஆக்கிடலாம். அப்புறம் பள்ளிக்கூடத்து விதை மாற்றுக்குக் கொண்டு போயிடலாம். பேரும் அன்னிக்கே வைப்பேன்."

விதை மாற்று எங்கள் பக்கத்தில் வருஷா வருஷம் குளிர் முடிகிற சமயத்தில் நடக்கும். காசு கிடையாது. உன் விதையைக் கொடு, என் விதையை எடுத்துக்கொள், அவ்வளவுதான். ஒரே ஒரு கட்டளை உண்டு: விதையைக் கைமாற்றும்போது அதன் பெயரையும், அது யாரிடமிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் எடுத்தால் அது திருட்டு விதை. பெயர் வைக்காததால் யஸ்னா தன் பயறை அதுவரை யாருக்கும் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

அந்தக் கடைசிக் கோடையின் பிப்ரவரியில் மழை வருகிற மாதிரி இருந்தது. பயறை உள்ளே எடுத்து வைக்கக் கொட்டகை வேண்டும். எர்மெலிண்டா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "கொட்டகையைப் பெருக்கிட்டு உள்ள பரப்புடி, சீக்கிரம்." மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்த கொட்டகையை எப்படிப் பெருக்க வேண்டும் என்று எங்கள் குழந்தைகளுக்கே தெரியும். கதவைத் திறந்து போட்டு அரை மணி நேரம் காற்றாட விட வேண்டும். குளோரின் தண்ணீர் தெளிக்க வேண்டும். அப்புறம்தான் துடைப்பம். நீளவால் எலியின் மூத்திரம் காய்ந்த தூசியில்தான் ஹந்தா காய்ச்சல் இருக்கிறது. யஸ்னாவுக்கும் தெரியும். மழை தூற ஆரம்பித்துவிட்டது, பயறு வெளியே கிடக்கிறது. உலர்ந்த தூசியை அப்படியே பெருக்கித் தள்ளிவிட்டுப் பயறைப் பரப்பினாள்.

மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. சளிக் காய்ச்சல் என்று இரண்டு நாள் எலுமிச்சைத் தண்ணீர் குடித்தாள். மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி இருந்தாள். இருபத்தொன்பது வயது.

முளைக்காத பாத்தியின் பன்னிரண்டாம் நாள், யஸ்னாவின் ஞானத்தாய் ஒட்டிலியா வந்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிற விதவை. வாய்க்குப் பூட்டு கிடையாது, மனசில் கள்ளம் கிடையாது. அந்த ஞான உறவில் அவளும் இந்த வீட்டாரும் ஒருவரை ஒருவர் கொமாத்ரே, கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். சீமைமாதுளை ஜாம் ஒரு பாட்டில் கொண்டு வந்திருந்தாள். இரண்டு பெண்களும் சமையலறையில் உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீரை ஒரே கிண்ணத்திலிருந்து ஒரே குழலால் மாற்றி மாற்றி உறிஞ்சினார்கள். பெலார்மினோ விறகை அணைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே வந்தபோது உள்ளே பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"இன்னுமா அந்தப் பாத்தியைக் காவல் காக்கறே கொமாத்ரே?" என்றாள் ஒட்டிலியா. "பழைய விதைக்கு இவ்வளவு உபசாரமா? பத்து எடுத்து ஈரத்துணியில சுத்தி வை. முளை விட்டா நடு. விடலேன்னா பானையில போடு. பல்லுக்கு ஆகாதுன்னா எனக்குக் கொடு, அவிச்சுக் கோழிக்குப் போடறேன்."

"ஈரத்துணியும் பாத்தாச்சு. போன வருஷமே பாத்தேன். ஒண்ணும் விடல. கொழகொழன்னு போயிடுச்சு."

"அப்ப செத்த விதை. பழசாயிடுச்சு."

"மூணு வருஷம் ஒரு பழசாடி? எங்கம்மா வச்சிருந்த கறுப்புப் பயறு ஏழு வருஷம் பாட்டில்ல கெடந்து எழுந்துச்சு. நீயே பாத்திருக்கே. முதல் வருஷமே இது வரலியே. அறுத்த எட்டாம் மாசம் போட்டேன், ஒண்ணு வரல. பக்கத்துல எல்லாம் வருது. என் கை போயிடலே. இது மட்டும் வரமாட்டேங்குது."

"அப்ப என்னதான் சொல்றே?"

எர்மெலிண்டா காலியான கிண்ணத்தைக் குழல் சத்தம் போடப் போட உறிஞ்சினாள்.

"அவ விடமாட்டேங்கறா," என்றாள். "யஸ்னா. நான்தானே கொட்டகையைப் பெருக்குன்னு சொன்னேன். சீக்கிரம்னும் சொன்னேன். கதவைத் திறந்து வையின்னு சொன்னேனா? சொல்லல. பயறுக்காக அவளை அனுப்பினேன். அந்தப் பயறை எனக்குக் கொடுக்க அவளுக்கு மனசு வரல. தெனமும் அந்தப் பாத்தியில உக்காந்து மன்னிப்புக் கேக்கறேன். மூணு வருஷமாக் கேக்கறேன். ஒண்ணே ஒண்ணு வந்தாப் போதும், அவ கேட்டுட்டான்னு நெனச்சுக்குவேன்."

"பைத்தியக்காரி," என்று ஒட்டிலியா சிலுவை போட்டுக்கொண்டாள். "அந்தப் புள்ள உன் மேல கோபப்படுமா? தன் மூக்குல உக்காந்த ஈ மேலகூட அதுக்குக் கோபம் வந்ததில்லே." திட்டிக்கொண்டே அவளும் அழுதாள்.

பெலார்மினோ விறகைக் கீழே போடாமல் சுவரில் சாய்ந்து நின்றார். அவள் பாத்தியில் மண்டியிட்டு வாய்க்குள் முணுமுணுத்ததை அவர் மூன்று வருஷமாகப் பார்த்திருக்கிறார். ஜெபம் என்று நினைத்திருந்தார். விதை பழசாகிவிட்டது என்று அவளே முடிவு கட்டிக்கொள்வாள், தானாக விட்டுவிடுவாள் என்று எண்ணித்தான் கோழை மாதிரி நாளைத் தள்ளியிருந்தார். பழி அவள் தலையில் போய் உட்கார்ந்திருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

அவர் செய்தது இதுதான். யஸ்னாவைப் புதைத்த பிறகு ஒன்பது நாள் ஜெபம் நடந்தது. அதற்கிடையில் சுகாதாரப் பணியாளர்கள் வந்து கொட்டகைக்கு மருந்து அடித்துவிட்டு, எலி ஓடியிருக்கக்கூடிய பண்டமெல்லாம் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிப் போனார்கள். எர்மெலிண்டா பயறுப் பையை மட்டும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "இதைத் தொட்டா கையை ஒடிப்பேன்," என்றாள். படுக்கும்போது தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். பெலார்மினோ ராத்திரியெல்லாம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். எலி ஓடிய பயறு. மகளைக் கொண்டுபோனது இப்போது பெண்டாட்டியின் தலையணைக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது.

ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு வருகிறவர்களுக்காக முற்றத்து மண்ணடுப்பில் ரொட்டி சுட்டிருந்தார்கள். பிற்பகலில் எர்மெலிண்டா அசந்து தூங்கினாள். ரொட்டியை எடுத்த அடுப்பு சூடாகவே இருந்தது. சூட்டில் எந்தக் கிருமியும் சாகும் என்று அவருக்குத் தெரியும். சாப்பாட்டுப் பயறில் வண்டு விழுந்தால் அவர் அம்மா அப்படித்தான் கொஞ்ச நேரம் அடுப்பில் வைத்து எடுப்பாள். சமைக்கிற பயறுக்கும் விதைக்கிற பயறுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு அப்போது மண்டையில் ஏறவில்லை. எங்கள் பக்கம் வயல் ஆம்பிளைக்கு, தோட்டம் பொம்பிளைக்கு. கோதுமை தெரியும், மாடு தெரியும். பயறை அவர் தட்டில்தான் பார்த்திருக்கிறார். பையை உள்ளே வைத்து மூடினார். கொஞ்ச நேரம்தான் என்று நினைத்தார். அதற்குள் துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கட்டிப் பிடித்தார்கள். ஒருவர் தோளில் அழுது முடிக்க இன்னொருவர் வந்தார். அடுப்பு ஞாபகம் வந்து ஓடியபோது பையின் ஓரம் பழுப்பேறியிருந்தது. பயறைக் கையில் அள்ள முடியவில்லை, அவ்வளவு சூடு.

பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளை வெள்ளையாக, கண்ணோரச் சிவப்பு சிவப்பாக இருந்தது. ஆற வைத்துத் தகர டப்பாவில் கொட்டினார். "பை வேணாம், எலி கடிக்கும், டப்பாவில போட்டுட்டேன்," என்று சொன்னார். "நீயாவது யோசிச்சியே," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள் எர்மெலிண்டா.

அந்த நன்றியைத்தான் அவரால் விழுங்கவே முடியவில்லை. முதல் வசந்தத்தில் பாத்தி மொட்டையாகக் கிடந்தபோதுதான் என்ன செய்தோம் என்று புரிந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நாளைக்கு என்றார். நாளை மூன்று வருஷம் நீண்டுவிட்டது.

ஒட்டிலியா வந்து போன மறுநாள் அவர் பாலம் தாண்டி அவள் வீட்டுக்குப் போனார். சொல்லிவிடப் போகிறார் என்று நினைக்காதீர்கள். அவ்வளவு நல்ல புத்தி வந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

"கொமாத்ரே, கண்ணோரத்துல செவப்பு போட்ட வெள்ளைப் பயறு உன்கிட்ட இருக்குமா?"

"ஏன், பயறு தின்ன ஆசையா? ஒரு கைப்பிடிப் பயறுக்காக இந்த முட்டியோட பாலம் தாண்டி வந்தியா கொம்பாத்ரே?"

"இருக்கா இல்லியா?"

ஒட்டிலியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அலமாரியிலிருந்து வரிசையாகப் பாட்டில்களை இறக்கினாள். ஐந்தாவது பாட்டிலில் இருந்தது. மூடியைத் திறந்து அவர் உள்ளங்கையில் கொட்டினாள். அவர் கண்ணுக்கு அச்சு அசல் யஸ்னாவின் பயறு.

"'கன்னியாஸ்திரி'ன்னு பேரு. என் நாத்தனார் கார்மேலா கொடுத்தது. கேக்கறியா? எர்மெலிண்டாகிட்ட பேரையும் சொல்லு, என் பேரையும் சொல்லு, கார்மேலா பேரையும் சொல்லு. சொல்லாம கொடுத்துடாதே."

"சொல்றேன்," என்றார் பெலார்மினோ. வாசலைத் தாண்டும் வரை அவள் கண்கள் முதுகில் பட்டுக்கொண்டே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை எர்மெலிண்டா கோயிலுக்குப் போனதும் அவர் பாத்தியில் மண்டியிட்டார். விரலால் கிளறினார். அவள் ஊன்றியதெல்லாம் தோல் கழன்று, விரல் பட்டதும் நசுங்கும் கூழாக இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அந்தந்தக் குழியில் ஒட்டிலியாவின் பயறைப் போட்டு மூடினார். பன்னிரண்டு. அள்ளியெடுத்த கூழை எங்கே போடுவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்து, அப்புறம் சீமைமாதுளை மரத்தடியில் குழி பறித்துப் புதைத்தார். அப்போதுதான் அழுதார்.

பத்தாம் நாள் சாயங்காலம் எர்மெலிண்டாவின் கூப்பாடு கேட்டது. மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தவர் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார். அவள் பாத்தியோரம் வயிறு தரையில் படக் குப்புறப் படுத்திருந்தாள். மண் வெடித்திருந்தது. வெடிப்பில், குனிந்த கழுத்து மாதிரி, வெளிறிய வளைவு ஒன்று தெரிந்தது. இன்னும் மண்ணை விட்டுத் தலை எடுக்கவில்லை.

"வந்துட்டா!" என்றாள். "கிழவா, வந்துட்டா பாரு! பொறக்கும்போதே பத்து நாள் லேட்டா வந்தவதானே. எல்லாத்துக்கும் லேட்டு. பள்ளிக்கூடத்துக்கு லேட்டு, பஸ்ஸுக்கு லேட்டு..." சிரித்தாள். மூன்று வருஷத்தில் அவர் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. மண் ஒட்டிய கையால் அவர் முகத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

இதற்காகத்தானே செய்தேன் என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அவள் சந்தோஷமாக இருக்கிறாள், அது போதும், இந்தப் பாவத்தை நான் செத்த பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் அவள் வெள்ளை லில்லிப் பூக்களை அறுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனாள். நெடுநேரம் இருந்துவிட்டு வந்தாள். வந்ததும் பூசணி சேர்த்து மாவு பிசைந்து சோப்பாய்பியா பொரித்தாள். "நன்றி சொல்லிட்டு வந்தேன்," என்றாள். "உன் மனசு பெரிசு மகளேன்னு சொன்னேன்." பெலார்மினோ ஆறு சோப்பாய்பியா தின்றார்.

அதற்கு மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. வெயிலில் முளைகள் கழுத்தை நிமிர்த்தி, பயறு இரண்டாகப் பிளந்து, தண்டு விரல் நீளத்துக்கு எழுந்து நின்றது. எர்மெலிண்டா தண்ணீர்ச் செம்புடன் போனாள். பெலார்மினோ வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். அவள் குனிந்தாள். நிமிர்ந்தாள். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தாள். ஒவ்வொரு முளையாகத் தண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பாத்தியின் கடைசி வரை போனாள்.

திரும்பி வந்தபோது செம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது. அவருக்கு எதிரில் நின்றாள்.

"தண்டு பச்சையா இருக்கு," என்றாள்.

"பச்சையாத்தானே இருக்கும்?"

"யஸ்னாவோடது ஊதா. திராட்சை ஊதா. மண்ணை விட்டு வரும்போதே ஊதாவா வரும், பூவும் ஊதாவாப் பூக்கும். வெள்ளைப் பயறுல கண்ணோரச் செவப்பு யார் வீட்டுலயும் இருக்கு. அது பச்சைத் தண்டோட வரும். அவளோடது ஊதாத் தண்டோட வந்ததுனாலதான் அவ நாலு வருஷம் அதைப் பிடிச்சுட்டுத் தொங்கினா. உனக்குத் தெரியாது. நீ தோட்டத்துக்குள்ள எப்ப வந்தே?" குரல் உயரவே இல்லை. "இது ஒட்டிலியாவோட 'கன்னியாஸ்திரி', கார்மேலா கொடுத்தது, எனக்குத் தெரியும். நீ வச்சே. ஏன் வச்சே?"

அவர் ஒரு பூட்ஸ் போட்ட காலும் ஒரு வெறுங்காலுமாக உட்கார்ந்திருந்தார். அப்புறம் சொன்னார். ஒன்பதாம் நாள், தலைமாட்டுப் பை, மண்ணடுப்பு, துக்கம் கேட்க வந்தவர்கள், தகர டப்பா எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பூட்ஸின் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உன்னையும் அது கொண்டுபோயிடும்னு பயந்தேன்," என்று முடித்தார்.

எர்மெலிண்டா செம்பைக் கீழே வைத்தாள். படியில், அவருக்கு ஒரு ஆள் இடம் விட்டு, உட்கார்ந்தாள்.

"அப்ப அவ கோபப்படல," என்றாள்.

"இல்ல."

"சுட்ட பயறுகிட்ட மூணு வருஷம் மன்னிப்புக் கேட்டிருக்கேன்."

"ஆமா."

"நீ கோடாலியைப் பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பாத்திருக்கே."

அவர் இன்னொரு பூட்ஸைக் கையில் எடுத்தார், போடாமல் கீழே வைத்தார்.

"நேத்துப் போய் அவளுக்கு நன்றி சொல்லிட்டு வந்தேன்யா," என்றாள். இப்போதுதான் குரல் உடைந்தது. "அவ கொடுக்காத ஒண்ணுக்கு. அங்க மண்ணுல உக்காந்து சிரிச்சேன். அவ என்ன நெனச்சிருப்பா? அம்மாவுக்கு என் பயறுகூட அடையாளம் தெரியலியேன்னு நெனச்சிருக்க மாட்டா?"

"எர்மெலிண்டா..."

"பேசாதே. எனக்காகத்தான் செஞ்சே, அடுப்புல வச்சதும் எனக்காக, பாத்தியில வச்சதும் எனக்காக. அது எனக்குப் புரியுது. புரியறதுனாலதான் உன்னை என்ன பண்றதுன்னு தெரியல."

ஆனாலும் அன்று சாயங்காலம் அவள் அந்தப் பாத்திக்குத் தண்ணீர் விட்டாள். அதுகள் என்ன செய்யும், கூப்பிட்டதால் வந்தவை. முளைகளுக்கு நடுவில் ஒரு குச்சியை நட்டு, அதில் துணி கட்டி, கரித்துண்டால் எழுதினாள்: கன்னியாஸ்திரி, கார்மேலா, ஒட்டிலியா.

பிறகு தகர டப்பாவை எடுத்து வந்து சமையலறை மேஜையில் கவிழ்த்தாள். மிச்சம் இரண்டு கிண்ணம் அளவு இருந்தது. கல் இருக்கிறதா என்று விரலால் பரப்பிப் பார்த்தாள். பெலார்மினோ எதிரில் உட்கார்ந்திருந்தார். அவள் பாத்திரம் எடுக்கத் திரும்பிய நேரத்தில் ஒரே ஒரு பயறை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அதையும் போடு," என்றாள் எர்மெலிண்டா திரும்பாமலே.

"ஒண்ணே ஒண்ணு, ஞாபகத்துக்கு..."

"போடுன்னேன். செத்ததை டப்பாவில வச்சுக்கிட்டு இருந்தது போதும்."

அவர் போட்டார். ஊற வைத்தாள்.

மறுநாள் காலையில் பானையை அடுப்பில் ஏற்றினாள். பழைய பயறு சுலபத்தில் வேகாது. அதுவும் ஒரு முறை சூடு பட்டுச் செத்த பயறு. மதியம் வரை கொதித்தது. பிற்பகலிலும் கொதித்தது. பெலார்மினோ விறகு கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். இந்த முறை உண்மையாகவே பிளந்த விறகு. பூசணித் துண்டும் வெங்காயமும் போட்டாள். கடைசியில் சேமியாவைப் போட்டு, புகைமிளகாய்த் தூள் தூவி இறக்கினாள். வெளியே வெளிச்சம் இருந்தது. இரண்டு தட்டில் ஊற்றி, ஒன்றை அவர் முன் நகர்த்தினாள்.

தோல் மிருதுவாகத்தான் இருந்தது. உள்ளே நடுவில் ஒரு கடினம் மிச்சமிருந்தது. பெலார்மினோவின் மீதிப் பற்களுக்கு அது பெரிய வேலை. மெல்ல மெல்ல மென்றார். எர்மெலிண்டாவும் மென்றாள். நாலு வருஷம் யஸ்னா வாயில் வைக்க விடாத பயறு. அதை வாயில் வைத்தவர்கள் இந்த உலகத்தில் அவர்கள் இரண்டு பேர்தான், அந்தப் பானையோடு அதுவும் முடிந்தது.

எர்மெலிண்டாவின் கரண்டி பாதியில் நின்றது.

"இனிக்குது," என்றாள்.

அவர் இன்னொரு வாய் எடுத்துக் கடித்துப் பார்த்தார். உண்மைதான். சுட்ட கஷ்கொட்டை மாதிரி, அடியில் லேசாக ஒரு இனிப்பு.

"ஆமா. இனிப்பாத்தான் இருக்கு."

அவள் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றார். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையைத் தொங்கவிட்டு நின்றார்.

"இது இனிக்கும்னு அவளுக்குத் தெரியாதே கிழவா," என்றாள் அவள், கைகளுக்குள்ளிருந்து. "அவளுக்குத் தெரியாமலே போயிடுச்சே."